அண்ணன் மறைத்தது வண்டியின் குறையை அல்ல

நித்யா, கார்த்தி, இதை முதலில் உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். இந்த நினைவு மலர் உறவினர்கள் கைக்கும் நண்பர்கள் கைக்கும் போகும். அவர்களும் படிக்கட்டும், படிக்கத்தான் வேண்டும். ஆனால் கேள்வி கேட்டது நீங்கள். அதனால் பதில் உங்களுக்கு.

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னார்: "மனுசன் நல்லவருதான். ஆனா கடைசில குறைய மறைச்சு வண்டி வித்து, ஒருத்தன் கால ஒடைச்சுட்டுத்தானே போனாரு." பாயசத்தை இலையில் வாங்கிக்கொண்டே சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நித்யா, நீ சாம்பார் வாளியோடு அங்கேயே நின்றுவிட்டாய். பிறகு என்னிடம் வந்து, "அப்பா, பெரியப்பா ஏமாத்தித்தான் வித்தாரா?" என்று கேட்டாய். கார்த்தியும் உன் பின்னால் நின்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போய் மோர் எடுத்துக்கினு வா" என்றேன்.

செத்துப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. அவர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு அவரைப் பற்றி இப்படிப் பேசினார்கள். நான் அவருடைய கூடப்பிறந்த தம்பி. மோர் கொண்டு வரச் சொன்னேன். ஒரு வருடமாக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அண்ணி கேட்டபோது, எழுதினால் உள்ளதைத்தான் எழுதுவேன் என்றேன். "எழுதுங்க" என்றார். நான் எட்டாவது வரை படித்தவன். அச்சகத்தார் திருத்தித் தருவதாகச் சொன்னார். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், கோபத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் பெரியப்பா, என் அண்ணன், பிறந்தது பாலாற்றை ஒட்டிய எங்கள் கிராமத்தில். ஆம்பூரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அப்பாவுக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. நான் பள்ளிக்குப் போக ஆரம்பித்த காலத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீரின் நிறம் மாறியது. முதலில் தென்னை காய்ப்பதை நிறுத்தியது. பிறகு நெல் பாதியில் மஞ்சளாகிக் கருகியது. இது யாருடைய தப்பு என்று அப்பா பத்துப் பேரிடம் போய்க் கேட்டார். பத்துப் பேரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். கடைசியில் வந்த விலைக்கு நிலம் போனது. அந்த வருடம் அண்ணன் பத்தாவது எழுதியிருந்தார். முடிவு வந்த அன்று, பாஸ் ஆன தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஷூ கம்பெனி வாசலில் வேலைக்கு வரிசையில் நின்றார். எந்தத் தோல் தொழில் எங்கள் தண்ணீரைக் கெடுத்ததோ அதே தொழிலில் போய்ச் சேர்ந்தார். வேறு எங்கே போவது?

அந்தக் கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் நாற்பது வருடம் இருந்தார். அதில் அவர் வேலை குறை பார்ப்பது. தோல் கட்டிங்குக்குப் போகும் முன் ஒருவர் அதை மேசையில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், சுருக்கம் என்று எங்கெங்கே குறை இருக்கிறதோ அங்கெல்லாம் வெள்ளைக் குச்சியால் வட்டம் போடுவார். வெட்டுகிறவர் அந்த வட்டத்தை விட்டுவிட்டு வெட்டுவார். வட்டம் போடத் தவறினால் தழும்பு ஷூவின் முகப்பில் வந்து உட்காரும், மொத்த லாட்டும் திரும்பி வந்துவிடும். அண்ணன் வட்டம் போட்ட தோலை வேறு யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை என்று அவருடன் வேலை செய்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சம்பளத்தில்தான் அக்காவின் கல்யாணம் நடந்தது, அப்பாவின் வைத்தியம் நடந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்த எனக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸ் எடுத்துக் கொடுத்ததும் அதே சம்பளம்தான். அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றியும் பலர் பலது பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் இருவரின் பள்ளிக்கூடப் பையும் ஒவ்வொரு ஜூன் மாதமும் யார் வாங்கி வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, டிராக்டருக்கு வருகிறேன்.

கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்றவர்கள் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள், மாமியார் வீட்டுக்குப் போவார்கள். அண்ணன் பழைய டிராக்டர் தேடிப் போவார். எங்கேயாவது வயலோரத்தில், வேப்ப மரத்தடியில், டயர் மண்ணில் புதைந்து துரு ஏறி நிற்கிற வண்டிகள் அவர் கண்ணில்தான் படும். முதல் வண்டியை ஏலகிரி மலையடிவாரத்தில் ஒரு கொல்லையில் கண்டுபிடித்தார். சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கிறவரை வண்டியை எடுக்கக் கூடாது என்று அந்த வீட்டு அம்மா சொல்லிவிட்டார். அண்ணனும் மூன்று வாரம் காத்திருந்து எடுத்து வந்தார்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டார். ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான். அதைப் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, ஓட வைத்து, தேவைப்பட்ட ஒருவருக்குக் கொடுப்பார். அதன் பிறகுதான் அடுத்தது. வியாபாரம் என்று சொல்ல முடியாது. சிலருக்குக் கோயில் குளம், சிலருக்குக் கிரிக்கெட், அவருக்கு இது. புது வண்டிக்குத் தவணை கட்ட முடியாத, இரண்டு ஏக்கர் மூன்று ஏக்கர் வைத்திருக்கிற ஆட்கள்தான் அவரிடம் வருவார்கள்.

எத்தனை கேலி கேட்டார்! "நெலமே இல்லாதவனுக்கு டிராக்டர் எதுக்குய்யா? மொட்ட மாடியில ஏர் ஓட்டப் போறியா?" என்று தெருவில் கேட்பார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஆமா, வெதச்சதும் சொல்லி அனுப்புறேன், அறுக்க வா" என்பார். லேத் பட்டறை வைத்திருக்கும் அன்வர் பாய் அவருக்குச் சின்ன வயதுத் தோஸ்த். வாரா வாரம் ஏதாவது ஒரு இரும்பைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பார் அண்ணன். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "உங்க அண்ணன் வண்டியா வாங்குறாரு? பேஜாரத்தான் வெல குடுத்து வாங்கி, அதுல பாதிய என் தலையில எறக்குறாரு" என்று என்னிடம் சொல்வார். சொல்லிக்கொண்டே மெஷினை ஓட விடுவார்.

இப்போது பெரிய விஷயம். கம்பெனியில் தோலுக்குச் செய்ததை அண்ணன் வண்டிக்கும் செய்தார். ஒரு வண்டி வந்த அன்றே அதைச் சுற்றி வந்து, எங்கெங்கே குறையோ அங்கெல்லாம் அதே வெள்ளைக் குச்சியால் வட்டம் போடுவார். ஒரு குறை தீர்ந்தால் அந்த வட்டத்தை அவரே துடைப்பார். வேறு யாரும் துடைக்கக் கூடாது. சில குறைகளுக்குச் சாமான் கிடைக்காது, சிலவற்றைச் சரிசெய்தால் விலை ஏறிவிடும். அந்த வட்டங்கள் அப்படியே நிற்கும். வாங்க வருகிறவரைக் கூட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு வட்டத்தின் மேலும் அந்த ஆளையே விரல் வைக்கச் சொல்வார். "இங்க இன்னா குறைன்னு நான் சொல்லிட்டேன். நீ தொட்டுட்ட. அப்புறம் எனக்குத் தெரியாதுன்னு சொல்லக் கூடாது" என்பார். பத்தொன்பது வண்டி கொடுத்தார். முதல் பதினெட்டில் ஒருவரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

பந்தியில் பேசினாரே ஒருவர், அவரும் ஒரு நாள் அந்தக் கொட்டகைக்கு வந்தார். அண்ணிக்குச் சித்தப்பா மகன், பழைய வண்டித் தரகர். பெயர் எழுத மாட்டேன். அவருக்கும் இந்த மலர் போகிறது. ஒரு வண்டிக்கு ஆள் பிடித்து வந்திருந்தார். வட்டங்களைப் பார்த்ததும் ஆளை டீ குடிக்க அனுப்பிவிட்டு அண்ணனைத் தனியே இழுத்தார். நான் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மச்சான் இது? கல்யாணப் பொண்ணு மூஞ்சில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி! ஒரு துணிய போட்டுத் தொடச்சுட்டு ஒரு கோட்டிங் பெயின்ட் குடு. வெல எங்கியோ போகும்."

"தொடச்சா குறை போய்டுமா?"

"கண்ணுக்குப் போய்டும்ல?"

"அப்படின்னா உன் கண்ணுக்கு மட்டும் வித்துக்கலாம். கூட்டியாந்த ஆளுக்குத் தெரியணும்."

தரகருக்கு முகம் சுண்டிவிட்டது. "இப்படியே இரு. கடைசி வரைக்கும் கொட்டாயிலயே கெட" என்று சொல்லிவிட்டுப் போனார். குறையை மறைக்கச் சொன்ன இந்த வாய்தான், அண்ணன் குறையை மறைத்தார் என்று அவர் சாவுக்கு வந்து பேசியது. உங்களுக்குக் கோபம் வருகிறதா? எனக்கு இப்போதும் வருகிறது.

ஆனால் ஊரில் நடந்தது உண்மைதானே என்று கேட்பீர்கள். பத்தொன்பதாவது வண்டிக்கு வட்டம் இல்லை. முனிசாமி என்கிற விவசாயிக்குக் கால் உடைந்தது. இரண்டும் உண்மை. எப்படி என்று இப்போது சொல்கிறேன். பிள்ளைகளே, இதைப் படித்த பிறகு நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் படியுங்கள்.

அண்ணனுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது அந்த வருடம். மூச்சு வாங்கும். கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் வேலை செய்வார். ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்பு முனிசாமி வந்து வண்டியைப் பார்த்தார். அப்போது அதில் ஏழு வட்டங்கள் இருந்தன. "பூஜ முடிஞ்சு வாங்க, வட்டத்தக் கொறச்சு வைக்கிறேன்" என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். சில வட்டங்களைத் துடைத்தும் விட்டார். பூஜைக்கு முந்தைய நாள் மூச்சுத் திணறல் அதிகமாகி வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அண்ணி அவரோடு இருந்தார். படுக்கையில் இருந்தபடி அண்ணன் என்னிடம் சொன்னார்: "விஜயதசமி அன்னிக்கு முனிசாமி வருவாரு. நல்ல நாளுன்னு சொல்லிட்டாரு, திருப்பி அனுப்ப வேணாம். வண்டியச் சுத்திக் காட்டு. வட்டத்துல விரல் வெக்கச் சொல்லு. எதுவா இருந்தாலும் எனக்குப் போன் போடு." ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிக்கொண்டு அவ்வளவும் சொன்னார்.

நான் டிரைவர். ஆயுத பூஜை என்றால் எங்களுக்கு என்ன? காலையில் எழுந்ததும் வண்டியைக் கழுவ வேண்டும். என் முதலாளியின் மினி லாரியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டேன். பிறகு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லாத வருடம், அவர் வண்டி அழுக்காக நிற்கக் கூடாது என்று தோன்றியது. டீசலில் நனைத்த துணியால் மூக்கு முதல் பின் சக்கரம் வரை துடைத்தேன். வட்டங்கள் என் கையில்தான் போயின. பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்றோ நாலோ இருந்தன. பூஜை நாளில் வண்டி மேல் குறை எழுதி வைத்திருப்பது நன்றாக இல்லை, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். கண்ணாடி மாதிரி நின்றது வண்டி. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் வெள்ளைக் குச்சியைக் கையில் எடுத்தேன். எது எங்கே இருந்தது என்று நினைவில்லை. ஒன்று பின் சக்கரத்துப் பக்கம், இடமா வலமா தெரியவில்லை. போன் போட்டிருக்கலாம். மூச்சு முட்டிக் கிடக்கிறவரைத் தொந்தரவு செய்வானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர் போட்ட வட்டத்தை அழித்துவிட்டேன் என்று சொல்லப் பயம். அதற்குள் முனிசாமி தேங்காய், பழத்தோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார்.

"ஏழு வட்டம் இருந்துச்சே தம்பி! ஒண்ணு கூட இல்ல? எல்லாம் முடிச்சுட்டாரா?"

அவர் மனைவி சிரித்தார். "ஒடம்பு முடியாத மனுசன் இவ்ளோ வேல பண்ணிக்கிறாரு பாரு."

நான் சொன்னேன்: "முடிச்சுட்டாரு அண்ணே. எல்லாம் சரியா இருக்கு."

இந்த ஒரு வரியை என் வாழ்க்கையில் வேறு எதையும்விட அதிக முறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

வலது பக்கப் பிரேக்குக்குள் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. அதுதான் பின் சக்கரத்தின் மேல் இருந்த வட்டம். எண்ணெயை அடைக்கும் சீல் வளையம் வந்ததும் மாற்ற வேண்டும், அதுவரை ரோட்டில் இறக்கவே கூடாது என்பதுதான் அந்த வட்டத்துக்குப் பொருள். டிராக்டருக்கு இரண்டு பின் சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரேக். ரோட்டில் போகும்போது இரண்டு பெடலையும் கொக்கி போட்டுச் சேர்த்து மிதிப்பார்கள். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்கவில்லை என்றால் வண்டி பிடித்த பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும். அன்று மாலையே, ஏலகிரி அடிவாரத்தில் தன் ஊருக்குள் இறங்கும் சரிவில் முனிசாமி பிரேக்கை மிதித்தார். இடது பக்கம் மட்டும் பிடித்தது. வண்டி ஓடைக்குள் இறங்கியது. கடவுள் புண்ணியம், முழுசாகக் கவிழவில்லை. அவர் வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்தது.

முனிசாமியின் மகன் நாலு பேரோடு அண்ணன் இருந்த ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டான். அண்ணன் அன்றுதான் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "யோவ் பெரிய மனுசா, வட்டம் போட்டு விக்கிற யோக்கியன்னு சொன்னாங்க. எங்கய்யா வட்டம்?" என்று கத்தினான். அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு பார்வைதான். என் முகத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். அவர் கையை என் மணிக்கட்டில் வைத்து அழுத்தினார்.

"வட்டம் போட மறந்துட்டேன்பா. என் தப்பு" என்றார்.

அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. வாழ்க்கையில் குறையைப் பொறுத்தவரை அவர் மறந்தது எதுவும் கிடையாது.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அழுதேன். நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அண்ணன் எரிந்து விழுந்தார். "போய் இன்னா சொல்லுவ? பிரேக் இல்லாத வண்டிய சரியா இருக்குன்னு சொல்லிக் குடுத்த டிரைவர் நான்தான்னா? ஆம்பூர்ல எவன் அப்புறம் உன் கையில சாவி குடுப்பான்? ரெண்டு புள்ளைங்க படிக்குது. நான் போய்ச் சேரப் போறவன், எனக்கு எந்தப் பேரு இருந்தா இன்னா? வாய மூடு." மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். நான் வாயை மூடினேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

வாயை மூடச் சொன்னவர் அதோடு சும்மா இருக்கவில்லை. அன்வர் பாயைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியை ஓடையிலிருந்து ஏற்றி, சீல் மாற்றி, பிரேக்கைச் சரிசெய்தார். மழை விழுந்துவிட்டது, முனிசாமிக்கு உழவு தவறிப் போகும் என்று தெரிந்ததும், டாக்டர் படுக்கச் சொல்லியிருந்த மனுசன் இரண்டு நாள் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து அவருடைய நிலத்தை உழுது கொடுத்தார். வரப்பில் நின்ற முனிசாமியின் மகன், "உழுடா உழு, கால ஒடச்சதுக்கு ஒரு ஜென்மம் உழணும் நீ" என்றானாம். அன்வர் பாய்தான் சொன்னார். பாய்க்குக் கோபம் வந்து அவன் சட்டையைப் பிடித்திருக்கிறார். அண்ணன் விலக்கிவிட்டுத் திரும்பவும் வண்டியில் ஏறியிருக்கிறார்.

அதற்கப்புறம் அவர் கொட்டகைக்குப் போகவில்லை. வேறு வண்டி வாங்கவும் இல்லை. மார்கழியில் இரண்டு முறை ஆஸ்பத்திரி. தை பிறந்து ஒரு வாரத்தில், விடியற்காலையில், அண்ணியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். வயது ஐம்பத்தேழு.

எனக்குக் கோபம் யார் மேல் என்று கேட்டால், வரிசையாகச் சொல்வேன். பாயசத்தோடு பழி பேசியவர் மேல். தலையாட்டியவர்கள் மேல், அவர்களில் இரண்டு பேர் அவரிடம் வண்டி வாங்கி, எல்லா வட்டத்திலும் விரல் வைத்தவர்கள். பதினெட்டு வண்டி நேர்மையாகக் கொடுத்தவரைப் பத்தொன்பதாவதை மட்டும் வைத்து எடைபோட்ட ஊர் மேல். அந்தப் பதினெட்டைப் பற்றி ஒருவராவது பந்தியில் பேசினாரா? கடைசியாக, எல்லாருக்கும் மேலே, சாம்பார் வாளியோடு நின்ற பெண்ணை மோருக்கு அனுப்பியவன் மேல். அண்ணன் மறைத்தது வண்டியின் குறையை அல்ல. என் குறையை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு பேரிடம் நேரில் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் என் முதலாளி. எல்லாவற்றையும் கேட்டார். "யோசிச்சு சொல்றேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை. சாவி இன்றுவரை என்னிடம் இருக்கிறது, நாளைக்குத் தெரியாது. அடுத்து முனிசாமி. அவர் கால் கூடிவிட்டது, ஆனால் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.

"பதினஞ்சு மாசம் கழிச்சு வந்து சொல்றியா நீ?" என்றார். "அந்த மனுசன் மூச்சு இழுத்துக்கினு, ரெண்டு நாளு என் நெலத்துல உழுதாரு. என் பையன் இன்னா பேச்சு பேசுனான் தெரியுமா அவர? நானும் நெலத்துக்குப் பக்கத்துலயே கட்டில்ல படுத்துக்கினு கேட்டுக்கினுதான் இருந்தேன். ஒரு வார்த்த வேணாம்டான்னு சொல்லல. பண்ணவன் நீ, எங்க வீட்டு வாயெல்லாம் அவர் மேல விழுந்துச்சு."

"மன்னிச்சுடுங்கண்ணே."

"எங்கிட்ட கேட்டு இன்னா பண்றது? கேக்க வேண்டியவரு போய்ட்டாரு." பிறகு, "புஸ்தகம் போடுறன்னு சொன்னியே, அதுல இத எழுதுவியா?" என்றார்.

"எழுதுவேன்."

"எழுதி ஒண்ணு கொண்டாந்து குடு. என் பையன் சத்தம் போட்டுப் படிக்கட்டும், நான் கேக்குறேன்."

அண்ணனின் நோய்க்காலத்தில் இரவு பகல் பார்க்காமல் உடனிருந்த அண்ணிக்கு நான் நன்றி சொன்னால் அது அவரை அந்நியராக்குவது போல் ஆகும், அதனால் வணங்குகிறேன். அன்வர் பாய்க்கும் அவர் வீட்டாருக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதபோது அத்தனை பேருக்கும் சாப்பாடு அனுப்பியதற்கு நன்றி. ஆஸ்பத்திரியில் அவரைப் பெயர் சொல்லாமல் "டிராக்டர் ஐயா" என்று அன்போடு கூப்பிட்ட நர்ஸ் பிள்ளைகளுக்கு நன்றி. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து பாடை தூக்கிய கட்டிங் பிரிவு நண்பர்களுக்கு நன்றி. முனிசாமி அவர்களுக்கு, முகத்துக்கு நேரே பேசியதற்கு நன்றி. தரகர் உறவினரும் சாவுச் செலவுக்கு நாற்காலி, பந்தல் ஏற்பாடு செய்தாராம், அவர் பெயரையும் சேர்க்கலாமே என்று அண்ணி கேட்டார். சேர்க்கவில்லை. அவர் ஏற்பாடு செய்த நாற்காலியில் உட்கார்ந்துதானே பேசினார்.

நித்யா, கார்த்தி, உங்கள் பெரியப்பா ஏமாற்றி விற்கவில்லை. இனி யார் கேட்டாலும் இதைச் சொல்லுங்கள். யார் செய்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.

அச்சகத்தில் பிழை பார்க்கக் கொடுத்த தாளில் இந்தக் கடைசிப் பத்தியைச் சேர்க்கிறேன். முனிசாமியின் ஊர்ச் சரிவில், ஓடைமேல் ஒரு சிறு பாலம் இருக்கிறது. வண்டி இடித்ததில் அதன் ஓரக்கல் மூன்றும் ஓடைக்குள் விழுந்து அப்படியே கிடந்தன. ஆம்பூர்க்காரர் ஏமாற்றி விற்ற வண்டி இடித்த இடம் என்று அதைக் காட்டித்தான் அந்த வழியே போகிறவர்கள் பேசுவார்களாம். போன வெள்ளிக்கிழமை காலையில் அரை மூட்டை சிமென்டும் மணலும் ஒரு கொத்துக் கரண்டியும் ஒரு குடம் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அங்கே போனேன். ஒவ்வொரு கல்லாக உருட்டி மேலே ஏற்றினேன். மூன்றாவது கல் இரண்டு முறை நழுவிக் கீழே போனது. மூன்றையும் இருந்த இடத்தில் நிறுத்திப் பூசினேன். வெயில் ஏறிவிட்டது. ஈரம் சீக்கிரம் காய்ந்தால் பூச்சு வெடிக்கும். மீதித் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளித் தெளித்துக்கொண்டு, குடம் காலியாகும்வரை பாலத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.